வந்தவங்க பத்தி

"எங்கூர்க் கோயில் நோம்பிக்குப் போயே தீரோணுமுங்க. ஒம்போது வருசம்—"

"போவேண்டாம்னு ஆரு சொன்னது? நாளைக்குக் காத்தால ஜீப் கெளம்புதுன்னு—"

"—ஒம்போது வருசம் அந்த ஆத்தா வாசல்ல மடியேந்தி நின்னனுங்க. புள்ளையோட வந்து மாவெளக்கு வெக்கறேன்னு—"

"—கெளம்புதுன்னு எத்தன வாட்டி சொல்றது பாவாத்தா? பன்னெண்டு ஊருக்கு ஊசி போவுது. பட்டியல் போட்டவனே ஊர்ல இல்லீன்னா—"

"நீங்க வரவேண்டாமுங்க. எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாங்க. நீங்க உங்க மிசினக் கட்டிக்கிட்டு இருங்க."

இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீ, எட்டு மாதக்காரி, அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடியில் கிடந்த, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை ஒரு கை கிழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, அது காரமடைப் பக்கத்து ஊரெல்லாம்!" என்று நஞ்சுண்டன் பாய்ந்தான்.

"தின்னுட்டுப் போவுது போங்க. அந்த ஊர்லயெல்லாம் சீக்கு இல்லாமப் போயிரும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று குனிந்து குழந்தையின் வாயில் விரலைவிட்டுக் காகிதத்தைத் தோண்டினான்.

தொண்ணூற்றாறாம் வருடம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஆறு வீடு கொண்ட லைனில் அவர்களுடையது கடைசி. காலையில் போர்வையை விலக்க முடியாத பனி, பத்து மணிக்கெல்லாம் ஓட்டுக்கூரை காய்ந்து உள்ளே அடுப்பு மூட்டியது போல் ஒரு காந்தல். அந்த மாதிரி மாதத்தில்தான் தட்டம்மை ஊர் ஊராக இறங்கும். நஞ்சுண்டன் சுகாதாரத் துறை ஆபீசில் புள்ளிவிவரம் பார்க்கிறவன். தடுப்பூசி மருந்து கொஞ்சந்தான் வந்திருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக ஜீப் இரண்டே இரண்டு. ஊர்களோ நாற்பது. முன்னெல்லாம் எந்த ஊர்ப் பெரிய மனுசன் உரக்கச் சத்தம் போடுகிறானோ அந்த ஊருக்கு ஜீப் போகும். இந்த வருடம் பெரிய டாக்டர் வெங்கடபதி, "உம்பட கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரப்பா. எந்தப் பன்னெண்டு ஊருக்கு மொதல்ல போனா சீக்கு பரவாம நிக்கும்னு அது சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நஞ்சுண்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சோசியம் பாக்கறதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குதாக்கும்" என்றாள் பாவாத்தாள், முறத்தை இழுத்து மடியில் வைத்து மொச்சைக்காய் உரிக்கத் தொடங்கியபடி.

"சோசியமில்ல பாவாத்தா. இங்க பாரு." அவன் முறத்திலிருந்து ஒரு கை மொச்சையை அள்ளித் தரையில் நாலு குவியலாக வைத்தான். ஒரு குவியலில் மட்டும் ஒரு சிவப்புக்கொட்டை. "இது நாலும் நாலு ஊரு. செவப்பு சீக்கு வந்த புள்ள. இந்த ஊர்லருந்து அந்த ஊருக்குச் சந்தைக்குப் போறாங்க, கண்ணாலத்துக்குப் போறாங்க. போறபோது காசச் சுண்டிப் பாக்கறேன். தல விழுந்தா சீக்கு கூடப் போவுது. பூ விழுந்தா போவுல. இப்புடி ஒவ்வொரு நாளா ஆடிப் பாக்கோணும். மிசினு ஒரு வருசத்த ஒரு நிமிசத்துல ஆடும். நூறு வாட்டி ஆடச் சொன்னா நூறு வாட்டி ஆடும். எந்த ஊருல ஊசி போட்டா செவப்பு கம்மியாவுதுன்னு பாத்து, அந்த ஊருக்கு ஜீப்ப உடறோம்."

"எல்லாஞ் செரி. ஊர்ல எத்தன செவப்புன்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"நர்சம்மாக்க ஊடு ஊடாப் போயி நோட்டுல எழுதறாங்கள்ல? அதத்தான நீ நாலு நாளா எனக்குப் பத்தி பிரிச்சு எழுதிக் குடுத்தே."

அது உண்மை. நஞ்சுண்டனின் கையெழுத்து அவனுக்கே புரியாது. பத்தாவது வரை படித்த பாவாத்தாளின் எழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்கும். குழந்தை தூங்கும் மதியங்களில் அவள்தான் நாற்பது நோட்டையும் பார்த்து அச்சடித்த தாளில் ஏற்றிக் கொடுத்தாள். இரண்டே பத்தி. ஒன்று 'நோய்'. இன்னொன்று 'வீட்டுக்கு வந்தவர்கள்', வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் கணக்கு. ஊர்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான்.

"அப்ப எங்கூருக்கு என்னன்னு சொல்லுச்சு உங்க மிசினு? நீங்களே நேத்துச் சொன்னீங்க."

நஞ்சுண்டன் மாட்டிக்கொண்டான். அவளுடைய ஊர் ஊஞ்சக்காட்டுப்பாளையம் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக வந்திருந்தது. சுத்தியிருக்கிற ஊர்களிலும் ஒன்றும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அவன்தான் பெருமையாக வந்து சொன்னான்.

"பத்தரமான ஊருன்னுதான் சொல்லுச்சு. சீக்கு ஒண்ணுகூட இல்ல. ஆனா ஒறம்பரைதான் எக்கச்சக்கம். நோம்பிக்கு முன்னாலயே ஊரு பூரா விருந்து போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

"எங்கூர்க்காரங்களுக்கு நாலு பேத்துக்குச் சோறு போடாம எறங்காது. உங்கூரு மாதிரியா, படலச் சாத்திட்டுத் திங்கறதுக்கு?"

"உங்கூருப் பெருமைய ஆரம்பிச்சுட்டியா."

"மிசினே சொல்லிருச்சு. அப்பறமென்ன? நாம் போறேன்." அவள் தரையிலிருந்த நாலு ஊரையும் ஒரே வாரலில் வாரி முறத்தில் போட்டாள். "எடுங்க கைய. கொழம்புக்கு வேணும்."

அண்ணன் காளிச்சாமி வந்தபோது மணி பதினொன்று. தோளில் துண்டு, கையில் ஒரு தார் கதளிப்பழம், மஞ்சப்பையில் கத்தரிக்காய். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகக் குழந்தையிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, மாமன்கிட்ட வாரீங்களா? வாங்க வாங்க. அடி ஆத்தாடி, என்ன கனம் கனக்கறா! ஏம்மிணி, ஏனிப்புடி எளைச்சுப்போனே? மாப்ள, நல்லாருக்கறீங்களா?"

"வாங்க மச்சான். உக்காருங்க. பஸ்ஸுல எடம் கெடச்சுதுங்களா?"

"எங்கீங்க. காரமடை வரைக்கும் நின்னுட்டேதான் வந்தேன்." அவர் குழந்தையை மார்போடு அணைத்துக் கன்னத்தில் முத்தம் வைத்தார். "கோயில்ல கம்பம் நட்டு நோம்பி தொடங்கியாச்சுங்க. வர்ற பொதங்கெழமை மாவெளக்கு. ஊட்ல உன்ற நங்கையா உன்னையக் கையோட கூட்டியாரச் சொன்னா அம்மணி."

பாவாத்தாள் ஏற்கெனவே பெட்டி கட்டி வைத்திருந்தாள். அண்ணன் வருகிறார் என்று அரிசியும்பருப்புஞ் சோறு ஆக்கி, மொச்சைக்குழம்பு வைத்து, கடைசியாக எண்ணெய்ச் சட்டியை ஏற்றி அப்பளம் பொரித்தாள். இலையில் சோற்றைப் போட்டு நெய்யை ஊற்றி அப்பளத்தை வைக்கப் போனபோது காளிச்சாமி கையால் தடுத்தார்.

"அப்பளம் வேண்டாம் கண்ணு."

"ஏனுங்ணா, உங்களுக்குப் புடிக்குமேன்னுதான பொரிச்சேன்."

"எண்ணெய்ச்சட்டி இன்னும் எங்கூட்ல ஏத்துல. ஊட்ல ஏத்தாதபோது வெளிய தின்னா நல்லாருக்காது பாரு."

"ஏனுங்ணா?"

"அம்மா வந்திருந்துச்சில்ல? எம்பட பெரிய பையனுக்கு." காளிச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். "மூணாந் தண்ணி ஊத்திக் குளிக்க வெச்சுப்போட்டுத்தான் கெளம்பி வந்தேன். இல்லாட்டி ஒறம்பரை ஊட்டுக்கு வருவமா?"

பாவாத்தாள் அப்பளத்தோடு அப்படியே நின்றாள். நஞ்சுண்டன் இலையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மச்சான், உங்கூட்ல மட்டுந்தானுங்களா?"

"நம்ம ஊட்ல மட்டுமா? தெக்கு வளவு பூராவும் வேப்பந்தழை சொருகியிருக்குதுங்க. இருவத்தி மூணு ஊடு. பக்கத்தூர்லயும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு பையன், ரெண்டு வயசு, மூச்சு இழுத்துப் பெரியாஸ்பத்திரியில கெடந்தான். இப்பக் கண்ணு முழிச்சுட்டானாம். ஆத்தா கொஞ்சம் கோவமாத்தான் வந்திருக்கா இந்த வருசம். நோம்பி நடந்தாக் குளுந்து போயிருவா."

"இருவத்தி மூணா?" என்றான் நஞ்சுண்டன். "பதினேழாம் நெம்பர்ல, நோய் பூஜ்யம். வந்தவங்க இருவத்தி மூணு ஊட்ல."

பாவாத்தாள் அப்பளத் தட்டைக் கீழே வைத்தாள். போய் அலமாரியிலிருந்து பச்சை அட்டை நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் நர்சு முத்தாத்தாளின் கையெழுத்து. வீட்டு எண், அதற்கு நேரே 'அம்மா வந்திருக்குது'. அடுத்த வீடு, 'அம்மா வந்திருக்குது'. பக்கம் பக்கமாக அப்படியே.

"பதினேழு எங்கூரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியாதுங்க. நெம்பருதான போட்டிருந்துச்சு." அவள் பக்கத்தைப் புரட்டினாள். "நாந்தானுங்க எழுதுனேன். நோய்னு போட்ட பத்தியில அம்மாளப் போயி எப்புடீங்க எழுதறது? வந்திருக்குதுன்னுதான நர்சம்மா எழுதியிருந்தாங்க. வந்தவங்க பத்தியில எழுதுனேன்."

காளிச்சாமி நோட்டையும் தங்கையையும் பார்த்துவிட்டு, "அதுல என்ன தப்பு? செரியாத்தான எழுதியிருக்குது" என்றார்.

பாவாத்தாளுக்கு அப்போதுதான் குழந்தை ஞாபகம் வந்தது. அண்ணன் முத்தம் வைத்த கன்னம். பாய்ந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். கூடப்பிறந்தவரைப் பார்த்துப் பின்வாங்கியது அவளுக்கே சுருக்கென்றது. காளிச்சாமியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"மச்சான், உங்களுக்குச் சின்னப்புள்ளையில அம்மா வந்திருக்குதுங்களா?" நஞ்சுண்டன் அவசரமாகக் கேட்டான்.

"எனக்கும் இவளுக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு. ஒரே பாயில வேப்பந்தழை போட்டுப் படுக்க வெச்சாங்க. இவ சொறிய, நான் கையப் புடிக்க. ஞாபகமில்லையா அம்மணி?"

"அப்ப பயமில்ல. ஒருக்கா வந்தவங்களுக்கு மறுக்கா வராது. அவங்க மேல ஒட்டிக்கிட்டும் வராது. பாவாத்தா, பயப்படாத. இப்பவே போயி மிசினு ரூமத் தொறக்கோணும். நல்லவேளை, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. நாளைக்கு மத்தியானம் தெரிஞ்சிருந்தா ஜீப் ரெண்டும் பொள்ளாச்சி ரோட்டுல நின்னுட்டிருக்கும்."

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு? நான் சொல்லிக்கறேன், தப்பு நடந்துபோச்சுன்னு."

"எழுதுனவ நானுங்க. உங்க தலையில போட்டுப்போட்டு நான் ஊட்ல உக்காந்திருக்கவா?"

போத்தனூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் வெங்கடபதியின் வீடு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூவரும் அங்கே போனார்கள். மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட டாக்டர் பனியனோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய மனைவி ரங்கநாயகி மோர் கொண்டுவந்து வைத்தாள். நஞ்சுண்டன் சொல்ல ஆரம்பித்து மூன்று தடவை தடுமாறினான். பாவாத்தாள் குறுக்கே வந்தாள்.

"ஐயா, நாந்தானுங்க தப்பா எழுதிப்போட்டேன். இவுங்க மேல ஒண்ணுமில்லீங்க." நோட்டை நீட்டிக் காட்டினாள். எந்தப் பத்தி, ஏன் அந்தப் பத்தி என்று முழுவதும் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"ஏம்மா, நீ என்ன படிக்காதவளா? அம்மைன்னா சீக்குதான? இருவத்தி மூணு ஊட்டுச் சீக்க ஒறம்பரைன்னு எழுதினா—"

"ஏமண்டி, அந்தப் பொண்ண ஏன் வெரட்டறீங்க?" ரங்கநாயகி மோர்த் தம்ளரை நங்கென்று வைத்தாள். "நானா இருந்தாலும் அங்கதான் எழுதியிருப்பேன். உங்களுக்கு வந்தபோது உங்கம்மா என்ன சொன்னாங்க? சீக்குன்னா சொன்னாங்க? வாசல்ல வேப்பெல கட்டி, அம்மவாரு வந்திருக்கான்னு ஒரு மாசம் கடுகு தாளிக்கலன்னு நீங்களேதான சொல்லியிருக்கீங்க."

டாக்டர் ஒரு பெரிய ஏப்பம் விடுகிற மாதிரி சிரித்தார்.

"அந்தத் தாள்ல கட்டம் போட்டவன் நானு. கேள்விய நான்தான் தப்பாக் கேட்டுப்போட்டேன். நஞ்சுண்டா, அந்த நர்சம்மா நோட்டு எத்தன ஊரு?"

"மூணு ஊருங்க சார். பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. மூணுமே அக்கம்பக்கம்."

"அதனாலதான் அந்தப் பக்கம் பூரா வெள்ளையா இருந்துச்சு. சட்டைய மாட்டிட்டு வாரேன். வா."

டாக்டரும் நஞ்சுண்டனும் ஆபீசுக்குப் போனார்கள். பாவாத்தாள் ரங்கநாயகியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். காளிச்சாமி வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். நாலு மணிக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நஞ்சுண்டன் கையில் நீளக் காகிதம் கொடி மாதிரி பறந்தது.

"முப்பத்தெட்டுலருந்து ஒண்ணுக்கு வந்துருச்சு உங்கூரு!" என்றான், ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி. "நாளைக்கு மொத ஜீப் அங்கதான். அந்த மூணு ஊருலயும் ஊசி போட்டுட்டா சுத்துப்பட்டுல மத்ததெல்லாம் தானா அடங்குது. நூறு வாட்டிக்குத் தொண்ணூறு வாட்டி அடங்குது."

"நோம்பி?" காளிச்சாமி எழுந்து வந்து நின்றார். முகத்தில் ஒரு சண்டைக்குத் தயாரான இறுக்கம். "நோம்பிய நிறுத்தச் சொல்லுமாங்க அந்த மிசினு?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதையும் ஆடிப் பாத்தோம். நிறுத்துனாலும் பெருசா வித்தியாசமில்ல. ஊசி முந்திக்கோணும், அவ்வளவுதான். வெளியூர்ப் புள்ளைகள மட்டும் இந்த வருசம் கூட்டியாரவேண்டாம்னு தண்டோராப் போட்டுருங்க."

"கம்பம் நட்டா ஊர்ல பொறந்த பொண்ணுகளத் தவர வெளியூர்க்காரங்கள ராத்தங்க உடமாட்டமுங்க. எங்கூர்க்காரங்களும் வெளிய தங்கறதில்ல. அது எங்க கட்டுப்பாடு."

"தங்கமாட்டாங்களா?" டாக்டர் நஞ்சுண்டனைத் திரும்பிப் பார்த்தார். "இது நம்ம மிசினுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"சொல்லிக்குடு."

காளிச்சாமியின் இறுக்கம் விட்டது. கம்பத்துக் கட்டுப்பாடு தனக்கும் உண்டென்று அப்போதே பஸ் பிடித்துப் போனார். போகும்போது டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு ஏதோ யோசித்து, மாப்பிள்ளை கையிலிருந்த காகிதத்தையும் கும்பிட்டார்.

மறுநாள் காலை ஜீப்பில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாவாத்தாளும் குழந்தையும் உட்கார்ந்துகொண்டு போனார்கள். தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில்தான் வழக்கம். சீக்கு இறங்கின ஊரென்றால் ஆறு மாதத்திலேயே போடலாம், பிறகு ஒன்பதில் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோளத்தட்டுப் போர்களுக்கு நடுவே மண்ரோட்டில் ஜீப் குதித்துக் குதித்துப் போனது. நஞ்சுண்டன் முன்னால் உட்கார்ந்து மருந்துக் கணக்குப் பார்த்தான். பாவாத்தாள் ஒரு தடவைகூட அவனைப் பார்க்கவில்லை. தன் கை எழுதிய தப்பை நினைத்தபோது, எங்கோ பாதி வழியில், கண்ணில் கொஞ்சமாக நீர் வழிந்தது. அவ்வளவுதான். துடைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு நர்சு முத்தாத்தாள் காத்திருந்தாள். சுத்தியும் ஐம்பது அறுபது பெண்கள் பிள்ளைகளோடு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் வரவில்லை.

"அம்மா வந்திருக்கற ஊட்டுல ஊசி குத்தப்படாதுங்களாம்" என்றாள் முத்தாத்தாள், நஞ்சுண்டனிடம் தாழ்ந்த குரலில். "காலையிலருந்து கத்திட்டிருக்கேன். ஆத்தா உள்ள இருக்கறப்ப மேல இரும்பு படக்கூடாதாம். ஒருத்தி நகரமாட்டேங்கறா. அவங்களச் சொல்லியும் குத்தமில்லீங்க. நானே இந்த ஊர்க்காரிதான். நோட்டுல சீக்குன்னு எழுத எனக்கே கை வருல."

கூட்டத்தில் முன்னால் நின்றவள் மாசாணியம்மாள், காளிச்சாமியின் மனைவி. பெரியவன் கையைப் பிடித்து நிற்க, ஏழு மாதச் சின்னவன் இடுப்பில். பெரியவன் மேலெல்லாம் பொருக்கு உதிர்ந்து கறுத்த புள்ளிகள்.

"என்ன நங்கையா, நீங்களுமா?" என்றாள் பாவாத்தாள்.

"உங்கண்ணன் சொன்னாரு அம்மணி. மிசினு சொல்லிச்சாம், டாக்டரு சொன்னாராம். உம்புருசன் வேலையாச்சேன்னு வந்து நிக்கறேன். ஆனா ஆத்தா இன்னும் எம்பட ஊட்ட உட்டு எறங்குல. அவ இருக்கறப்ப அவ புள்ளைய நாம குத்துனா? நாளைக்குச் சின்னவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா நாந்தான அழுவேன்? மிசினா அழுவும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நஞ்சுண்டன் ஏதோ சொல்லப் போனான். நூறு வாட்டிக்குத் தொண்ணூறு என்று ஆரம்பிப்பான் என்று பாவாத்தாளுக்குத் தெரியும். அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"நீங்க சொல்றது செரிதானுங்க நங்கையா. மிசினு அழுவாது" என்றாள். "நான் ஒம்போது வருசம் இந்த ஆத்தாகிட்ட அழுதேன். கேட்டுத்தான இவளக் குடுத்தா? குடுத்தவ குத்திக்கறதுக்கா கோவிச்சுக்குவா?"

அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நித்யஸ்ரீயின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முத்தாத்தாள் ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தாள். பஞ்சு ஈரம் பட்டதும் குழந்தை சிரித்தாள். ஊசி பட்டதும் வாயைத் திறந்து, சத்தம் வர ஒரு கணம் தாமதித்து, பிறகு பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் அதிர அலறினாள். அறுபது பெண்களும் அந்த அலறலை அசையாமல் கேட்டார்கள்.

பாவாத்தாள் அவளைத் தோளில் போட்டு மரத்தைச் சுற்றி நடந்தாள். "ஆச்சு சாமி, ஆச்சு தங்கம், முடிஞ்சுபோச்சு." அழுகை விக்கலானது. விக்கல் முனகலானது. பிறகு அம்மாவின் காதில் தொங்கிய தோட்டைப் பார்த்துவிட்டு அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். பாவாத்தாள் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

மாசாணியம்மாள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராக நடந்து வந்து, இடுப்பிலிருந்த சின்னவனை இறக்கிப் பாவாத்தாளின் இன்னொரு கையில் திணித்தாள்.

"நீ புள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்க அம்மணி. ஆத்தாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."